பத்து நிமிஷ ஓட்டத்துக்கு ஒரு மணி நேர இன்சூரன்ஸ்!

"பத்து நிமிஷம் ஓட்டிப் பார்க்கறதுக்கு ஒரு இன்சூரன்ஸா? நல்லா இருக்கே கதை!"

என் வீட்டுக்காரர் இப்படிச் சத்தம் போட்டது எங்கள் கும்பகோணத்து வீட்டில் அல்ல. லண்டனின் வடமேற்கு ஓரத்தில் ஹாரோ என்று ஓர் ஊர். அங்கே மகள் இன்னும் இரண்டு நர்ஸ் பெண்களோடு சேர்ந்து வாடகைக்கு இருக்கும் வீட்டின் சமையலறையில்.

நாங்கள் மகளைப் பார்க்க வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. நோயாளிகளின் வீடுகளுக்கே போய்க் கட்டுப்போட்டு, ஊசி போட்டுவிட்டு வரும் வேலைக்கு அவளை மாற்றியிருந்தார்கள். மழையிலும் குளிரிலும் பஸ் மாறி மாறிப் போக முடியாது. கார் வேண்டும். புதுக் கார் வாங்கும் வசதி இல்லை. மில்டன் கீன்ஸ் என்ற ஊரில் ஒரு பெரியவர் தன் ஹோண்டா ஜாஸை விற்கிறார் என்று கண்டுபிடித்து, சனிக்கிழமை காலை பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ரசம் சாதம் சாப்பிடும்போதுதான் இந்தப் பேச்சு.

"அப்பா, இங்க இன்சூரன்ஸ் வண்டிக்கு இல்ல, ஓட்டுற ஆளுக்கு. அந்தப் பெரியவர் வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கலாம். ஆனா அதுல என் பேர் இருக்காது. நான் ஸ்டியரிங்கைத் தொட்டா இன்சூரன்ஸ் இல்லாம ஓட்டினதாத்தான் அர்த்தம்."

"யாரும்மா பிடிக்கப்போறா, பத்து நிமிஷத்துல?"

"ரோட்டு மேல கேமரா இருக்குப்பா. நம்பர் பிளேட்டைப் படிச்சு இன்சூரன்ஸ் இருக்கான்னு பார்க்கும். போலீஸ் நிறுத்தி விசாரிச்சா 300 பவுண்டு அபராதம். லைசென்ஸ்ல ஆறு பாயின்ட். வண்டியையும் தூக்கிட்டுப் போவாங்க."

முந்நூறு பவுண்டு என்றால் நம் காசில் முப்பதாயிரத்துக்கு மேல். ஆனால் அவளைப் பயமுறுத்தியது அந்தப் பணம் இல்லை, ஆறு பாயின்ட். இந்திய லைசென்ஸை வைத்துக்கொண்டு இந்த நாட்டில் 12 மாதம்தான் கார் ஓட்டலாம். குடியேறிவிட்டவர்கள் அதற்குப் பிறகு இந்த ஊர் பரீட்சை எழுதி, ஓட்டிக்காட்டி, புது லைசென்ஸ் வாங்க வேண்டும். மகள் மூன்றாவது முறைதான் தேறினாள். எட்டு மாதம் ஆகிறது. முதல் லைசென்ஸ் எடுத்த இரண்டு வருடத்துக்குள் ஆறு பாயின்ட் சேர்ந்தால் லைசென்ஸையே ரத்து செய்துவிடுவார்கள். மறுபடி எழுத்துத் தேர்விலிருந்து தொடங்க வேண்டும். அவளுக்கு லைசென்ஸ் போனால் அந்த வேலையும் போன மாதிரிதான்.

கூட இருக்கும் கேரளத்துப் பெண் ஒரு வழி சொன்னாள். "என்கிட்ட ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு. நான் ஓட்டிப் பார்த்துச் சொல்லட்டுமா?" என்றாள். தன் சான்றிதழைப் போனில் திறந்து இரண்டு பேரும் வரி வரியாகப் படித்தார்கள். 'மற்றவர் காரை ஓட்டலாம்' என்ற வரி அதில் இல்லை. முன்பெல்லாம் நிறையப் பேருக்கு அது சேர்ந்தே வருமாம். இப்போது எல்லோருக்கும் தருவதில்லை. இருந்தாலும் அடுத்தவருக்கு நேரும் நஷ்டத்துக்கு மட்டும்தான், ஓட்டுகிற காருக்கு அடிபட்டால் ஒரு காசு வராதாம்.

என் வீட்டுக்காரர் அரசு பஸ் டெப்போவில் முப்பத்து மூன்று வருஷம் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர். இன்ஜின் சத்தத்தைக் கேட்டே நோவு சொல்லிவிடுவார். அவருக்கு இதெல்லாம் வெறும் காகித விளையாட்டு. "வண்டி என்கிட்ட பேசும். அது போதும்" என்று கை கழுவ எழுந்து போனார்.

வட்டத்துக்குள் வட்டம்

மறுநாள் காலை ஹாரோ அண்ட் வீல்ட்ஸ்டோன் ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். ஏப்ரல் மாதம். வெயில் கண்ணுக்குத் தெரிந்ததே தவிர உடம்புக்குத் தெரியவில்லை. ஸ்வெட்டருக்கு மேல் கோட்டு. தையல் இலை மாதிரி அடுக்கடுக்காகப் பச்சை வயல்கள், நடுநடுவே செங்கல் வீடுகள். முக்கால் மணி நேரப் பயணம்தான்.

மில்டன் கீன்ஸுக்கு முந்தின ஸ்டேஷன் பிளெட்ச்லி. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் ரகசியச் சங்கேதங்களை உட்கார்ந்து உடைத்த பிளெட்ச்லி பார்க் அந்த ஸ்டேஷனுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது என்று மகள் காட்டினாள். "இன்சூரன்ஸ் பாலிசியைப் படிக்கறதுக்கும் அங்கேருந்து ஆள் கூட்டிட்டுவரணும் போல" என்றார் இவர். வெள்ளி ராத்திரிக் கோபம் இன்னும் தீரவில்லை!

மில்டன் கீன்ஸ் விசித்திரமான ஊர். இங்கிலாந்து என்றால் ஆயிரம் வருஷத்துச் சர்ச்சும் வளைந்து வளைந்து போகும் சந்துகளும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இது 1967-ல் 'இங்கே ஒரு புதிய நகரம் கட்டுவோம்' என்று அறிவித்து, காகிதத்தில் கோடு போட்டுக் கட்டிய ஊர். சாலைகள் கட்டம் கட்டமாக ஓடுகின்றன. குறுக்கே போகிற சாலைக்கு எச் என்றும், நெடுக்கே போகிற சாலைக்கு வி என்றும் எண் கொடுத்திருக்கிறார்கள். எச்5, வி10 என்று சதுரங்கப் பலகை மாதிரி. ஒரு சாலைக்கும் அடுத்ததற்கும் சுமார் ஒரு கிலோமீட்டர்.

அந்தக் கட்டங்கள் சந்திக்கும் இடத்திலெல்லாம் பெரும்பாலும் சிக்னல் கிடையாது. ரவுண்டானா! ஊர் முழுக்க நூற்றுக்கும் மேல் இருக்கிறதாம். பஸ்ஸில் போகும்போது எண்ணத் தொடங்கினேன். ஏழாவதில் தலை சுற்றி விட்டுவிட்டேன். வலது பக்கமிருந்து வருகிறவருக்கு வழிவிட்டு நிற்க வேண்டும். இடைவெளி கிடைத்ததும் நுழைய வேண்டும். ஹாரனே கேட்கவில்லை.

நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் தனியாகச் செந்நிறப் பாதை. 'ரெட்வே' என்கிறார்கள். பெரிய சாலைகளுக்கு அடியில் புகுந்து ஊர் முழுக்கப் போகிறது. ஒரு தாத்தா பேரனோடு நிதானமாகச் சைக்கிள் ஓட்டிப் போனார். அதைப் பார்த்ததும் எனக்கு ஏனோ நெஞ்சில் ஒரு சின்ன உறுத்தல். காரணத்தை அப்புறம் சொல்கிறேன்.

இந்த ஊருக்கு இன்னொரு பெருமை, கான்கிரீட் மாடுகள். லிஸ் லே என்ற சிற்பி 1978-ல் செய்த மூன்று பசு, மூன்று கன்று. புது ஊர், மாடுகூட அசல் இல்லை என்று மற்ற ஊர்க்காரர்கள் கேலி பேசுவார்களாம். ஊர்க்காரர்கள் அதையே அடையாளமாக்கிக்கொண்டுவிட்டார்கள்.

பெரியவரின் சமையலறை மேஜை

வில்லன் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு. வாசலில் வெள்ளி நிற ஜாஸ் துடைத்து வைத்ததுபோல் நின்றது. பெரியவருக்கு எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். "முதலில் டீ" என்றார். நம்ம ஊர் மனிதர் மாதிரி!

இவர் டீ குடிக்கவில்லை. நேராக வண்டிக்குப் போய் பானெட்டில் கை வைத்துப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. திருப்தியாகத் தலையாட்டினார். ஆள் வருவதற்கு முன்பே இன்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தால், குளிரில் ஸ்டார்ட் ஆகாத கோளாறை மறைக்கிறார்கள் என்று அர்த்தமாம். அப்புறம் டிப் ஸ்டிக்கை உருவி, ஆயிலை விரலில் தேய்த்து, மோந்து பார்த்தார். டயர் பள்ளத்தில் நகத்தை விட்டுப் பார்த்தார். பெரியவர் சிரித்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து ஒரு 20 பென்ஸ் நாணயத்தை எடுத்துக் கொடுத்தார். அதை டயர் பள்ளத்தில் செருகினால் நாணயத்தின் வெளி விளிம்பு மறைய வேண்டும். விளிம்பு தெரிந்தால் டயர் தேய்ந்துவிட்டது என்று கணக்காம். இரண்டு பேருக்கும் பொது மொழி கிடையாது. டயரைத் தட்டித் தட்டியே பேசிக்கொண்டார்கள்.

மகள் உள்ளே மேஜையில் காகிதங்களைப் பார்த்தாள். வி5சி என்பது நம்ம ஆர்.சி. புக் மாதிரி. ஆனால் அது வண்டியைப் பதிவில் வைத்திருப்பவர் யார் என்று மட்டும்தான் சொல்லும். 'இது சொந்தக்காரர் என்பதற்குச் சான்று அல்ல' என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது. அதில் இருந்த முகவரியும் நாங்கள் உட்கார்ந்திருந்த வீட்டு முகவரியும் ஒன்றுதானா என்று பார்த்தாள். எம்.ஓ.டி. எனும் வருடாந்திரப் பரிசோதனையின் முழுச் சரித்திரத்தையும் ஹாரோவிலேயே பார்த்துவிட்டாள். வண்டி எண்ணைப் போட்டால் அரசு இணையதளத்தில் இலவசமாகவே வருகிறது. எந்த வருஷம் எத்தனை மைல் ஓடியிருந்தது, எதைச் சரிசெய்யச் சொன்னார்கள், எல்லாம்.

பிறகு கேட்டாள். "ஐயா, உங்கள் இன்சூரன்ஸ் சான்றிதழைப் பார்க்கலாமா?"

"அதெல்லாம் இருக்கிறது. நீ தாராளமாக ஓட்டிப் பார் அம்மா. என் வண்டிக்கு முழுப் பாதுகாப்பு உண்டு" என்று சாவியை நீட்டினார். இவள் வாங்கவில்லை.

ஆனால் சாவியை இன்னொரு கை வாங்கியது. உள்ளே வந்த என் வீட்டுக்காரருடையது!

"அவரே சொல்லிட்டாரேம்மா. நான் ஒரு சுத்து சுத்திட்டு வர்றேன். என்கிட்ட லைசென்ஸ் இருக்கு. இங்கேயும் இடது பக்கம்தானே?"

அவர் சொன்னதில் பாதி சரி. சுற்றுலா வந்தவர்கள் நம்ம ஊர் லைசென்ஸில் 12 மாதம் வரை கார் ஓட்ட இங்கே சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் லைசென்ஸ் என்பது ஓட்டத் தெரியும் என்பதற்கு அத்தாட்சி. மோதினால் பணம் கொடுப்பவர் யார் என்ற கேள்விக்கு அது பதில் இல்லை.

மகள் என்னைப் பார்த்தாள். நான் அவரைப் பார்த்தேன்.

"என்னங்க, தாராசுரம் ஞாபகம் இருக்கா?"

அவ்வளவுதான். சாவி மேஜைக்குத் திரும்பிவிட்டது.

இரண்டு வளையல்

மகளுக்கு இந்தக் கதை தெரியாது. அப்போது அவளுக்கு இரண்டு வயது.

1999. எங்களுக்கும் ஒரு கார் வாங்கும் ஆசை வந்தது. தெரிந்தவர் ஒருவர் பழைய மாருதி 800-ஐ விற்பதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் பக்கத்தில் உட்கார, இவர் ஓட்டிப் பார்த்தார். தாராசுரம் தாண்டி ஒரு திருப்பத்தில் சைக்கிளில் வந்தவர்மேல் இடித்துவிட்டார். வேகம் அதிகமில்லை. ஆனாலும் அவருக்குக் கால் எலும்பு முறிந்துவிட்டது. வெற்றிலைக் கொடிக்காலில் கூலி வேலை செய்பவர். வீட்டில் மூன்று பிள்ளைகள்.

ஆஸ்பத்திரி வாசலில்தான் காரின் சொந்தக்காரர் இன்சூரன்ஸ் காகிதத்தை எடுத்துப் பார்த்தார். முடிந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. "புதுப்பிக்க மறந்துபோச்சு. விக்கப் போறோமேன்னு விட்டுட்டேன்" என்றார்.

கோர்ட்டுக்குப் போயிருந்தால் ஓட்டியவரும் வண்டிக்காரரும் சேர்ந்துதான் கட்ட வேண்டியிருக்கும். இன்சூரன்ஸ் உயிரோடு இல்லாதபோது வேறு யாரிடம் கேட்பது? பெரியவர்கள் பேசி முடித்தார்கள். ஆஸ்பத்திரிச் செலவும் ஆறு மாதக் கூலியும் ஆளுக்குப் பாதி. எங்கள் பாதிக்கு என் கல்யாண வளையல் இரண்டு போனது. நாலு பவுன். கார் வாங்கவில்லை. வாங்கப் பணம் ஏது?

வளையல் போனது எனக்கு வருத்தமில்லை. அந்த மனிதர் நடக்கத் தொடங்கும்வரை இவர் வாராவாரம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, சாப்பிடாமல் படுத்துக்கொள்வார். அதுதான் மறக்கவில்லை. கடைசிவரை அந்தக் காலை முழுசாக மடக்க முடியவில்லை அவருக்கு.

இவ்வளவையும் அந்த வெள்ளைக்காரர் வீட்டுச் சமையலறையில், தமிழில், நாலு வரியில் மகளுக்குச் சொன்னேன். அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பெரியவருக்கு ஒன்றும் புரியவில்லை. டீயை இன்னொரு தடவை ஊற்றினார்.

சான்றிதழில் இருந்த பெயர்

மகள் மறுபடியும் பணிவாகக் கேட்டாள். அவர் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவிலிருந்து சான்றிதழைத் தேடி எடுத்தார். அதில் பாலிசிதாரர் என்று ஒரு பெண் பெயர். கூடுதலாக ஓட்டலாம் என்ற இடத்தில் இவர் பெயர்.

"என் மனைவி. ஜனவரியில் இறந்துவிட்டாள். இது அவள் ஓட்டின கார். பாலிசி ஆகஸ்ட் வரைக்கும் இருக்கிறதே?"

மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நோயாளிகளிடம் பேசுகிற அதே குரலில் சொன்னாள். பாலிசி எடுத்தவர் இறந்துவிட்டால் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்லியாக வேண்டும். கூடுதல் பெயராக இருப்பவருக்கு அது தானாகத் தொடரும் என்று நம்பி ஓட்டக் கூடாது. திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாகக் கூப்பிட்டுக் கேளுங்கள், அதுவரை சாவியை எடுக்காதீர்கள் என்றாள்.

"மூன்று மாதமாக இதில்தான் கடைக்குப் போய் வந்தேன்" என்றார் பெரியவர். முகம் வெளுத்துவிட்டது. அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. எங்கள் மாருதிக்காரரும் ஏமாற்றுக்காரர் இல்லை. காகிதம் பெட்டியில் இருக்கிறது, அது போதும் என்று நம்பிய மனிதர்கள், அவ்வளவுதான்.

போனில் வந்த ஒரு மணி நேரம்

மகள் போனை எடுத்தாள். அடுத்த பத்து நிமிஷம் நடந்ததைப் பார்த்து இவர் அசந்துபோனார்.

வண்டி எண்ணைத் தட்டினாள். ஹோண்டா ஜாஸ், இன்ன வருஷம், இன்ன இன்ஜின் என்று தானே வந்தது. லைசென்ஸ் எண், பிறந்த தேதி, முகவரி, வண்டியின் மதிப்பு. முதல் நிறுவனம் 'லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் ஆகவில்லை' என்று மறுத்துவிட்டது. இரண்டாவது நிறுவனம் ஏற்றுக்கொண்டது. ஒரு மணி நேரம், முழுப் பாதுகாப்பு, 17 பவுண்டு. நம் காசில் ஏறக்குறைய இரண்டாயிரம் ரூபாய். தொடங்கும் நேரம் 11.40 என்று குறித்துப் பணம் கட்டினாள். மறு நிமிஷம் சான்றிதழ் ஈமெயிலில் வந்துவிட்டது. இந்த மாதிரிக் குறுகிய கால இன்சூரன்ஸை மணிக்கணக்கிலும் வாங்கலாம், நாள்கணக்கிலும் வாங்கலாம்.

"நேத்தே வாங்கியிருக்கலாமேம்மா?" என்றார்.

"நேரில் பார்த்து, காகிதம் சரியில்லன்னா திரும்பிப் போயிருப்போம்ப்பா. பணம் தண்டம். எல்லாம் பார்த்துட்டு, ஓட்டலாம்னு முடிவு பண்ணினப்புறம் வாங்கினாப் போதும்."

அந்தச் சான்றிதழைப் போனிலேயே திறந்து வைத்துக்கொண்டாள். புதிதாக எடுத்த இன்சூரன்ஸ் போலீஸ் பார்க்கும் பட்டியலில் ஏறக் கொஞ்ச நேரம் ஆகலாம். வழியில் நிறுத்தினால் காட்ட வேண்டும். மோதினால் முதலில் இவ்வளவு பவுண்டு நாம் போட வேண்டும், மிச்சம்தான் அவர்கள் தருவார்கள் என்ற வரியையும் ஒருமுறை படித்துக்கொண்டாள்.

ஷோரூமிலோ கார் கடையிலோ போய் ஓட்டிப் பார்த்தால் பொதுவாக அவர்களுடைய வியாபார இன்சூரன்ஸே நம்மையும் சேர்த்துக்கொள்ளுமாம். அங்கேயும் சாவியை வாங்குமுன் கேட்டுக்கொள்வது நல்லது. தனியார் ஒருவரிடம் வாங்கும்போதுதான் இந்தச் சங்கடம்.

மகள் ஓட்டினாள். பெரியவர் முன்னால். நாங்கள் பின்னால். எச்5 சாலை வில்லன் ஏரியை இரண்டாகப் பிரித்துக்கொண்டு நடுவில் போகிறது. இரண்டு பக்கமும் தண்ணீர் மின்னியது. ஒரு ரவுண்டானா, இரண்டு, மூன்று. ஒவ்வொன்றிலும் நின்று, வலப்பக்கம் பார்த்து, நுழைந்தாள். இவர் கண்ணை மூடிக்கொண்டு இன்ஜினைக் கேட்டார். "மூணாவது கியர்ல போ... இப்ப பிரேக் பிடி... ம்." கடைசியில் கண்ணைத் திறந்து ஒரே வார்த்தை சொன்னார்: "வாங்கலாம்."

நம்ம ஊரில் எப்படி?

ரயிலில் யோசித்துக்கொண்டு வந்ததை இங்கே சொல்லிவிடுகிறேன். பிரிட்டனின் சாலைப் போக்குவரத்துச் சட்டமும் 1988, நம்முடைய மோட்டார் வாகனச் சட்டமும் 1988. இரண்டும், அடுத்தவருக்கு நேரும் பாதிப்புக்கான இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டி ரோட்டுக்கு வரக் கூடாது என்கின்றன. நடைமுறையில்தான் வித்தியாசம்.

நம்ம ஊர் தனியார் கார் பாலிசி வண்டியோடு போகிறது. சொந்தக்காரரின் அனுமதியோடு, செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள யார் ஓட்டினாலும் பாதுகாப்பு உண்டு. அதனால் பக்கத்து வீட்டுக் காரை ஓட்டிப் பார்க்கத் தனி இன்சூரன்ஸ் வேண்டாம். ஆனால் அந்த நிம்மதியில் சில ஓட்டைகள் இருக்கின்றன.

முதலாவது, பாலிசி அன்றைக்கு உயிரோடு இருக்க வேண்டும். எங்கள் வளையல் கதை அதுதான். பாலிசி இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நடந்தால் நஷ்டஈடு தனி.

இரண்டாவது, தனியார் கார் பாலிசியில் 'வாகன வியாபாரம் தொடர்பான உபயோகத்துக்குப் பொருந்தாது' என்று ஒரு விலக்கு இருக்கிறது. பழைய கார் கடையில் நிற்கும் வண்டியை ஓட்டிப் பார்க்கும்போது, 'இது முந்தைய ஓனர் பாலிசியா, உங்கள் வியாபாரப் பாலிசியா?' என்று கேளுங்கள். 2023 ஏப்ரல் முதல், பதிவான வண்டிகளை வாங்கி விற்கும் டீலர்கள் அரசிடம் அங்கீகாரம் பெற வேண்டும், வண்டி வெளியே போய்வரும் பயணங்களைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்றும் விதி வந்திருக்கிறது.

மூன்றாவது, சொந்தக்காரர் எடுக்கும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துப் பாதுகாப்பு அவருக்குத்தான். ஓட்டிப் பார்க்கும் உங்களுக்கு இல்லை.

நான்காவது, தேர்டு பார்ட்டி மட்டும் உள்ள வண்டி என்றால், அதன் கதவு நசுங்கினால் செலவு யாருடையது என்று கிளம்புமுன்பே பேசிவிடுங்கள். முழுப் பாலிசி இருந்தாலும் க்ளெய்ம் செய்தால் அவருடைய நோ க்ளெய்ம் போனஸ் போகும். அது 50 சதவீதம் வரை இருக்கும் தள்ளுபடி.

வாங்கிய பிறகு இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாளைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். விற்றவர்களும் கவனிக்க வேண்டும். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி சொந்தக்காரர், பொறுப்பும் அவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லிவிட்டது. 'வித்துட்டேனே' என்ற பதில் எடுபடாது.

திரும்பும் வழி

விலை பேசி முடிந்தது. அங்கேயும் ஒரு பாடம். இந்த நாட்டில் வண்டிக்குக் கட்டிய வரி வாங்குபவருக்கு மாறுவதில்லை. விற்றவருக்கு மிச்ச மாதப் பணம் திரும்பிவிடும். வாங்கியவர் புதிதாகக் கட்டிவிட்டுத்தான் ரோட்டில் இறக்க வேண்டும். வி5சி-யிலிருந்து பெரியவர் கிழித்துக் கொடுத்த பச்சைச் சீட்டில் உள்ள எண்ணைப் போட்டு மகள் வரி கட்டினாள். வருஷ இன்சூரன்ஸ் ஆயிரம் பவுண்டைத் தாண்டியது. நோயாளிகள் வீட்டுக்கு வேலையாகப் போவதால் 'வேலைக்கான உபயோகம்' என்பதையும் சேர்த்தாள். சேர்க்காமல் விட்டால் கொஞ்சம் மிச்சமாகியிருக்கும். இந்தத் தடவை இவரே, "அதை விட்டுடாதம்மா" என்றார்.

பெரியவர் வாசல்வரை வந்தார். காரின் கூரையை ஒருமுறை தடவிக் கொடுத்தார். வில்லன் ஏரிக்கரையில் ஒரு புத்த ஸ்தூபி இருக்கிறது, பார்த்துவிட்டுப் போங்கள் என்றார்.

போனோம். ஜப்பானியப் புத்த பிக்குகள் 1980-ல் கட்டிய சமாதான ஸ்தூபி. வெள்ளை வெளேரென்று, தண்ணீரைப் பார்த்து நிற்கிறது. சுற்றிலும் செர்ரி மரங்கள் பூத்திருந்தன. மகளும் நானும் படியில் உட்கார்ந்து, ஹாரோவிலிருந்து கட்டிக்கொண்டு வந்த புளியோதரையைப் பிரித்தோம்.

இவர் மட்டும் தள்ளி நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். அங்கே பிற்பகல் மூன்றரை, கும்பகோணத்தில் இரவு எட்டு மணி. எங்கள் கார் இப்போது கொழுந்தனாரிடம் இருக்கிறது.

"தம்பி, பீரோல ரெண்டாவது தட்டு. நீலக் கலர் ஃபைல். எடுத்தியா? இன்சூரன்ஸ் எத்தனாந் தேதி வரைக்கும் போட்டிருக்கு? கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாருடா. ம்... சரி. இப்ப உன் லைசென்ஸை எடு. அதுல தேதி எத்தனை?"